வெயிலுக்கு ஒரு தராசு

"அப்பாடா, என்ன வெயில்!" என்று சொல்லாமல் நம் ஊரில் சித்திரை மாதத்தைக் கடத்தியவர் யாரும் இல்லை. ஆனால், "என்ன வெயில்? எவ்வளவு வெயில்?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். "இன்றைக்கு நூற்று நாலு டிகிரியாம்!" என்று பதில் வரும். இது வெயிலின் கணக்கே அல்ல, நிழலின் கணக்கு. வானிலை நிலையத்தில் தெர்மாமீட்டரை வெயிலில் வைப்பதில்லை. வெள்ளை வர்ணம் அடித்து, காற்றுப் புக இடைவெளி விட்ட மரப் பெட்டிக்குள் நிழலாகத்தான் வைக்கிறார்கள். அது காட்டுவது காற்றின் உஷ்ணத்தை. சூரிய பகவான் நம் மொட்டை மாடியில் எவ்வளவு சக்தியைக் கொட்டுகிறார் என்று அறிய வேறு தராசு வேண்டும்.

உஷ்ணமும் வெயிலும் கைகோத்துக் கொண்டே போகும் என்றும் நினைத்துவிடக் கூடாது. தை, மாசி மாதங்களில் காற்று இதமாக இருக்கும். வானம் நிர்மலமாக இருந்தால் நடுப்பகலில் கொட்டும் சக்தி ஏராளமாகவே இருக்கும். மேகம் கவிந்த புழுக்கமான நாளில் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். கணக்குப் பார்த்தால் வெயில் பாதிகூடத் தேறாது.

முன்பெல்லாம் இந்த விவகாரம் விஞ்ஞானிகளோடு நின்றது. இன்று அப்படியில்லை. மில், கல்லூரி, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் எல்லாவற்றின் கூரையிலும் சோலார் பேனல்கள் ஏறிவிட்டன. ராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 2016-ம் வருஷம் 648 மெகாவாட் மின் நிலையமே எழுந்துவிட்டது. வெயில் பணமாகிவிட்டது என்று அர்த்தம். பணம் என்று வந்துவிட்டால் அளவு வேண்டாமா? அரிசிக் கடைக்காரர் தராசைப் பார்த்துப் பார்த்து வாங்கும் நாம், வெயிலின் தராசை மட்டும் யாரோ கொடுத்ததை வாங்கிக் கூரையில் மாட்டிவிட்டு மறந்துபோகிறோம்.

எடைக் கல்

முதலில் எடைக் கல்லைத் தெரிந்து கொள்வோம். பூமியின் காற்று மண்டலத்துக்கு வெளியே, சூரியனை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 1,361 வாட் சக்தி விழுகிறது. வழியில் காற்று, நீராவி, தூசி எல்லாம் தங்கள் வரியை வசூல் செய்து கொள்கின்றன. அது போக, தெளிந்த நாளில் உச்சி வேளையில் தரைக்கு வந்து சேருவது சுமார் 1,000 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம்! உங்கள் சோலார் பேனலின் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கும் இந்த 1,000 வாட் வெயிலை வைத்துப் போட்டதுதான். நாள் முழுவதும் விழுவதைக் கூட்டினால் நம் பக்கத்தில் சதுர மீட்டருக்கு சராசரி 5 யூனிட் அளவுக்கு வரும்.

இதை அளக்கும் கருவிக்குப் பைரானோமீட்டர் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், ஆசாமி சாது. உள்ளே ஒரு கறுப்பு வட்டம். அதன் மேல் கவிழ்த்த கிண்ணம் போல ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கூடுகள். வெயில் பட்டால் கறுப்பு வட்டம் சூடேறும். கருவியின் உடம்போ அவ்வளவு சூடேறாது. இந்த வித்தியாசத்தை, இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்துச் செய்த தெர்மோபைல் என்ற அமைப்பு மிகச் சிறிய மின்சார அழுத்தமாக மாற்றிக் கொடுக்கிறது. கண்ணாடிக் கூடு எதற்கு என்றால், காற்று வந்து வட்டத்தைக் குளிர வைக்காமலும், மழை நனைக்காமலும் காக்கத்தான்.

வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளியை அளப்பது இது. சூரியனிடமிருந்து நேராக வரும் கிரணத்தை மட்டும் அளக்க பைர்ஹீலியோமீட்டர் என்று இன்னொன்று உண்டு. அது குழல் மாதிரி இருக்கும். காலையிலிருந்து மாலை வரை சூரியன் போகும் பக்கமெல்லாம் அதைத் திருப்ப ஒரு யந்திரமும் வேண்டும். சாதாரண மில்லுக்கோ கல்லூரிக்கோ அது தேவைப்படாது.

சில வானிலை நிலையங்களில் பளிங்குப் பந்து ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 1853-ல் காம்ப்பெல் என்பவர் கண்டுபிடித்து, 1879-ல் ஸ்டோக்ஸ் சீர்படுத்தியது. பந்து வெயிலைக் குவித்துப் பின்னால் உள்ள அட்டையில் கோடாகச் சூடு போடும். எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று அது சொல்லுமே தவிர, எவ்வளவு அடித்தது என்று சொல்லாது.

முதலாளியும் சூப்பர்வைசரும்

இந்தக் கருவி தவறாகச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு மில் முதலாளி கூரை மேல் 100 கிலோவாட்டுக்கு சோலார் பேனல் போட்டிருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பக்கத்திலேயே ஒரு பைரானோமீட்டரும் இருக்கிறது. மாசக் கடைசியில் சம்பாஷணை இப்படி நடக்கிறது:

"ஏ தம்பி, போன மாசத்தை விட யூனிட் குறைஞ்சிருக்கே, என்ன சங்கதி?"

"வெயிலே கம்மி, மொதலாளி. மீட்டரைப் பாருங்க. வெயில் குறைஞ்ச அளவுக்குத்தான் கரண்டும் குறைஞ்சிருக்கு."

"பேனல்லே ஒண்ணும் பழுது இல்லையே?"

"ஒண்ணுமே இல்லை. போன மாசமும் நூத்துக்கு எண்பது. இந்த மாசமும் நூத்துக்கு எண்பது."

முதலாளி நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். சூப்பர்வைசர் பொய் சொல்லவில்லை. ஆனால் நடந்தது என்ன? வெயில் குறையவே இல்லை. தினம் 5 யூனிட் வெயில் விழுந்தது. அந்தக் கணக்குக்கு 100 கிலோவாட் பேனல் 500 யூனிட் கொடுக்கலாம். உஷ்ணம், கம்பி, இன்வெர்ட்டர் என்று கழிவு போக நூற்றுக்கு எண்பதாக 400 யூனிட் வர வேண்டும். பேனல் மேல் புழுதி படிந்து நூற்றுக்கு ஐந்து பங்கை மறைத்துவிட்டது, வந்தது 380. அதே புழுதி பைரானோமீட்டரின் கண்ணாடியிலும் படிந்து, 5 என்பதை 4.75 என்று காட்டிவிட்டது. 475-க்கு 380 என்றால் நூற்றுக்கு எண்பதுதானே! திருடனும் காவற்காரனும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

தினம் 20 யூனிட் நஷ்டம். வருஷத்தில் 300 நாள் என்று வைத்தாலும் 6,000 யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 30,000 ரூபாய். துடைக்கிற துணியின் விலையை நான் சொல்லத் தேவையில்லை.

பேனலைக் கழுவி, கருவியை மட்டும் துடைக்காமல் விட்டால் இன்னும் வேடிக்கை. 475-க்கு 400 வந்து, நூற்றுக்கு எண்பத்து நான்கு என்று கணக்கு நிமிர்ந்து நிற்கும். சூப்பர்வைசருக்குப் பாராட்டுக்கூடக் கிடைக்கும்! பேனல் விற்ற கம்பெனி "நூற்றுக்கு இவ்வளவு நிச்சயம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால், வழக்கு வரும்போது சாட்சிக் கூண்டில் ஏறுவது இந்தக் கருவிதான். ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே கருவி எந்தத் தரம், யார் துடைப்பது, எப்போது சோதிப்பது என்று மூன்று வரி சேர்த்து எழுதிக் கொள்வது புத்திசாலித்தனம்.

எதை வாங்குவது?

சர்வதேச விதி ஒன்று பைரானோமீட்டர்களை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. ஐ.எஸ்.ஓ. 9060 என்பது அதன் இலக்கம். 2018-ல் திருத்தியதற்கு முன்பு வேறு பெயர்கள் இருந்தன. அங்கேதான் ஒரு பொறி. பழைய கணக்கில் "ஸெகண்டரி ஸ்டாண்டர்டு" என்பதுதான் மேல் தரம். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்பது இரண்டாவது. "ஸெகண்ட் கிளாஸ்" கடைசி. ரயில் டிக்கெட் வாங்குகிற நினைப்பில் பழைய சரக்கை "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று நம்பி வாங்கினால், கிடைப்பது இன்றைய "பி" வகுப்பு!

மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? வெயில் திடீரென்று மாறினால் அந்த மாறுதலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை "ஏ" வகுப்பு 10 விநாடிக்குள் காட்டியாக வேண்டும். "பி" 20 விநாடி. "சி" 30 விநாடி. வயசாக ஆகக் கருவி நழுவும். வருஷத்துக்கு நூற்றுக்கு 0.8-க்கு மேல் "ஏ" நழுவக் கூடாது. "பி" வகுப்புக்கு 1.5 வரையும், "சி" வகுப்புக்கு 3 வரையும் சலுகை உண்டு.

இவை தவிர, சிலிக்கன் துண்டு வைத்த மலிவான கருவிகளும் உண்டு. கண்ணாடிக் கிண்ணம் கிடையாது; கையடக்கமாக இருக்கும். மேகம் மறைத்த உடனே காட்டிவிடும். ஆனால் சூரிய ஒளியில் ஒரு பகுதியை மட்டுமே அது பார்க்கும். நீண்ட அலைக் கிரணங்கள் அதன் கண்ணுக்குப் படா. ஆகவே மேக மூட்டத்திலும், காலை மாலை வேளைகளிலும் கொஞ்சம் தடுமாறும். பேனலைப் போலவே செய்த சிறு "ரெஃபரன்ஸ் ஸெல்" இன்னொரு வகை. அதுவும் பேனல் பார்க்கும் ஒளியையே பார்க்கிறது என்பதால், பேனலின் யோக்கியதையை அறிய மட்டும் அது பொருத்தம்.

யாருக்கு எது? வீட்டு மாடியில் 3 கிலோவாட் வைத்திருப்பவர் எதையும் வாங்க வேண்டாம். காசைப் பத்திரப்படுத்துங்கள், உங்களுக்கு வழி கடைசியில் சொல்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும், பாடம் நடத்தும் கல்லூரிக்கும் சிலிக்கன் கருவியோ "சி" வகுப்போ போதும். மில்லுக்கு "பி" வகுப்பு அல்லது நல்ல ரெஃபரன்ஸ் ஸெல். பெரிய மின் நிலையத்துக்கு "ஏ" வகுப்பு. அதிலும் படுக்கை மட்டத்தில் ஒன்று, பேனல் சாய்ந்திருக்கும் அதே சாய்வில் ஒன்று. துடைக்க ஆள் இல்லாத இடத்தில் "ஏ" வகுப்பை வைப்பதைவிட, தினம் துடைக்கப்படும் "பி" வகுப்பு மேல் என்பது என் அபிப்பிராயம்.

எங்கே வைப்பது?

நிழல் படாத இடத்தில் என்று எல்லாரும் சொல்வார்கள். நம் ஊருக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. வடக்கே டில்லியில் சூரியன் வருஷம் முழுவதும் நடுப்பகலில் தெற்குப் பக்கமே நிற்பான். சென்னையிலோ ஏப்ரல் கடைசி வாரத்தில் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறான். கன்னியாகுமரியில் இந்த உத்தராயண வாசம் இன்னும் நீளம். ஆகவே, "தெற்கே மறைப்பு இல்லை" என்று வடக்கே தண்ணீர்த் தொட்டிக்கு ஓரமாகக் கருவியை வைத்தால், வெயில் காலம் பூராவும் தொட்டியின் நிழல் விழும் அபாயம் உண்டு. நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் இருந்தாலும் உதவாது. அது தன் பங்குக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

கருவியிலிருந்து வரும் கம்பி வடக்குப் பார்த்து இருக்கட்டும். படுக்கை மட்டத்தில் வைக்கும் கருவியில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போலவே ஒரு குமிழி உண்டு. அது வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டும். "ஒரு டிகிரி சாய்ந்தால் என்ன மோசம்?" என்று அலட்சியம் கூடாது. காலையில் சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, கருவி அந்தப் பக்கமாக 1 டிகிரி சாய்ந்திருந்தால், நேர்க் கிரணத்தின் கணக்கில் நூற்றுக்குச் சுமார் 10 பிசகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கை எட்டுகிற இடத்தில் வையுங்கள். ஏணி போட்டு ஏறினால்தான் எட்டும் என்றால், முதல் வாரம் ஏறுவார்கள். இரண்டாம் வாரம் அண்ணாந்து பார்ப்பார்கள். மூன்றாம் வாரம் மறந்துவிடுவார்கள்.

குளிப்பாட்டும் முறை

வாரத்துக்கு ஒரு முறையாவது கண்ணாடியைத் துடைக்க வேண்டும். புழுதிக் காற்றுக் காலத்திலும், உப்புக் காற்று வீசும் கடலோரத்திலும் தினமுமே துடைக்கலாம். போகி, தீபாவளிப் புகைக்கு மறுநாள் கட்டாயம். காக்கைக்கு அது சௌகரியமான உயர்ந்த ஆசனம் என்பதையும் மனசில் வைத்துக் கொள்ளுங்கள்; அது உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு போவதில்லை.

சூரிய உதயத்துக்கு முன்பு துடைப்பது உத்தமம். பகலில் துடைத்தால் கை நிழல் கணக்கில் விழும். நேரத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் வாலை வடி நீரை ஊற்றிப் புழுதியைக் கழுவுங்கள். பிறகு நூல் பிரியாத மெத்தென்ற துணியை நனைத்து ஒற்றித் துடையுங்கள். பிசுக்கு இருந்தால் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டுக் கொள்ளலாம். பாத்திரம் தேய்க்கும் தூளும் நாரும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

துடைத்த கையோடு மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று: குமிழி நடுவில் நிற்கிறதா? ஆடிக் காற்று அதை அசைத்திருக்கலாம். இரண்டு: கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் கோத்திருக்கிறதா? ஈரத்தை உறிஞ்ச உள்ளே சிலிக்கா ஜெல் மணிகள் வைத்த மாதிரிகள் உண்டு. ஈரம் குடித்துவிட்டால் அவற்றின் நிறம் மாறும். உடனே மாற்ற வேண்டும். மூன்று: கம்பியை எலி கடித்திருக்கிறதா, இணைப்பில் எறும்பு புகுந்திருக்கிறதா?

மார்கழிப் பனியில் கண்ணாடியின் மேல் முத்து முத்தாக நீர் நிற்கும். அது காயும் வரை காலைக் கணக்கை நம்பக் கூடாது. பெரிய நிலையங்களில் கண்ணாடிக்கு இதமாகக் காற்று ஊத ஒரு விசிறி வைத்திருக்கிறார்கள்.

சில சமயம் கருவி விசித்திரமாகப் பேசும். அதைக் கேட்டுப் பதறக் கூடாது. நடு ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு, மூன்று வாட் என்று காட்டும். சூரியன் கடன் வாங்கிவிட்டான் என்று அர்த்தமில்லை! தெளிந்த வானத்தைப் பார்த்துக் கண்ணாடி குளிர்கிறது. அதன் விளைவு இது. பகலில் மேகங்கள் சிதறி ஓடும்போது ஒரு நிமிஷம் 1,200 வாட்டையும் தாண்டிக் காட்டலாம். நேர் வெயிலோடு மேகத்தின் விளிம்பும் வெளிச்சத்தைச் சேர்த்து அனுப்பும் வேளை அது. கருவி சரியாகத்தான் சொல்கிறது.

கருவியின் ஜாதகம்

ஒவ்வொரு தெர்மோபைல் பைரானோமீட்டருக்கும் தனியாக ஓர் எண் உண்டு. ஒரு வாட் வெயிலுக்கு எத்தனை மைக்ரோவோல்ட் கொடுக்கும் என்ற எண். உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். ஒன்றுக்கு 10 என்றால் இன்னொன்றுக்கு 9 ஆக இருக்கும். கணக்குப் பதியும் பெட்டியில் அந்த எண்ணை ஏற்றியிருப்பார்கள். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு எண்ணை மாற்ற மறந்தால் என்ன ஆகும்? 800 வாட் வெயிலில் புதிய கருவி 7,200 மைக்ரோவோல்ட் கொடுக்கும். பெட்டி அதைப் பத்தால் வகுத்து 720 என்று எழுதும். நூற்றுக்குப் பத்து காணாமற்போயிற்று!

எண்ணும் நிரந்தரம் அல்ல. கறுப்பு வர்ணம் வெயிலில் வெளுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் கருவியைச் சோதனைச் சாலைக்கு அனுப்பிப் புதிய எண் வாங்க வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாலை நிறுவனம் 2011-ல் நாட்டின் பல பகுதிகளில் 51 சூரியக் கதிர் அளவு நிலையங்களை நிறுவியது. கருவிகளைச் சோதித்துத் தரும் வசதியும் அங்கே உண்டு. உலகத்துக் கருவிகளுக்கெல்லாம் மூல எடைக் கல் ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸ் என்ற மலை ஊரில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பல தேசத்தார் தங்கள் கருவிகளைத் தூக்கிக் கொண்டு அங்கே போய், ஒரே சூரியனைப் பார்த்து ஒப்பிட்டுக் கொண்டு திரும்புகிறார்கள்.

நம் தேசத்தில் இந்தக் காரியத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் ஒரு பெண்மணி என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அன்னா மணி என்று பெயர். 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னையில் படித்தவர், பெங்களூரில் ஸர் ஸி. வி. ராமனிடம் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்தவர். முதுநிலைப் பட்டம் இல்லை என்று சொல்லி அவருக்கு டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். அவர் லண்டனுக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948-ல் திரும்பி வந்து, பூனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவிகளை இங்கேயே செய்ய ஏற்பாடு செய்தார். 1957-ல் சர்வதேச பூபௌதிக ஆண்டு தொடங்கியபோது, வெயிலை அளக்கும் நிலையங்கள் இந்தியாவில் வரிசையாக அமைந்தன. அவற்றின் கணக்கைத் திரட்டி 1980-லும் 1981-லும் அவர் வெளியிட்ட இரண்டு புத்தகங்கள், சோலார் என்ற சொல்லே நம் தெருவுக்கு வராத காலத்தில் எழுதப்பட்டவை. 2001-ல் அவர் காலமானார். பிசகான அளவு, அளவே இல்லாததைவிடக் கெடுதல் என்பது அவர் வாழ்நாள் கொள்கை.

கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயம்: வீட்டு மாடியில் பேனல் வைத்திருப்பவர்களே, உங்களுக்குக் கருவி வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மேகமே இல்லாத ஒரு நாளில் பேனலைக் கழுவி, அன்றைக்கு எத்தனை யூனிட் வந்தது என்று எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து, அதே போலத் தெளிந்த இன்னொரு நாளின் கணக்கைப் பக்கத்தில் எழுதுங்கள். குறைந்திருந்தால் மறுநாள் அதிகாலையில் வாளியோடு மாடிக்குப் போங்கள். கழுவிய பிறகும் கணக்கு ஏறவில்லை என்றால், பேனல் போட்டவரைக் கூப்பிடுங்கள். "வெயில் கம்மி, ஸார்" என்று அவர் சொன்னால், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டுங்கள்.